வாசனைத் தடம் – 6: பஸ்ஸில் ஏறிய 5 கிலோ

1960களின் தொடக்கம். இஸ்ரேலில் ரெஹோவோத் நகருக்குப் போகும் பஸ்ஸில் பயணிகள் முகத்தைச் சுளித்தார்கள். என்ன வாடை இது?

ஓர் இளம் வேதியியலாளரின் பையிலிருந்து வந்தது அது. உள்ளே 5 கிலோ ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின். போலீஸ் பறிமுதல் செய்ததை ஆராய்ச்சிக்கென்று கேட்டு வாங்கி, சர்வசாதாரணமாக பஸ் ஏறிவிட்டார் ரஃபேல் மெஷூலம்!

1964இல் அவரும் யெஹியேல் காவோனியும் போதைக்குக் காரணமான பொருளைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் டி.எச்.சி. ஆனால் ஒரு வேடிக்கை: தூய டி.எச்.சி.க்கு வாசனையே கிடையாது. பஸ்ஸில் காட்டிக்கொடுத்தது வேறு ஆள்.

கஞ்சாச் செடியின் பெண் பூவைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மெல்லிய காம்பு, அதன்மேல் உருண்டைத் தலை என்று ஆயிரக்கணக்கான சுரப்பிகள் பளபளக்கும். போதையும் வாசனையும் அங்கேதான் உருவாகின்றன. விரல் பட்டதும் தலை உடைந்து டெர்பீன்கள் என்னும் வாசனைப் பொருள்கள் ஆவியாகும். மிளகில் உள்ள காரியோஃபிலீன், எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

1970களில் கலிஃபோர்னியாவில் திருட்டுத்தனமாகக் கஞ்சா வளர்த்தவர்களிடம் ஆய்வுக்கூடம் ஏது? மூக்குதான் இருந்தது. ஆண் செடியில் பிசின் கொழிக்கும் பூ இருக்காது. அதனால் தண்டைத் தேய்த்து விரலை முகர்ந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் அதன் மகரந்தம் அடுத்த தலைமுறைக்குப் போகும். இல்லையென்றால் செடியைப் பிடுங்கி எறிவார்கள். ஆப்கானிஸ்தான், மெக்சிகோ, கொலம்பியா ரகங்களைக் கலந்து அங்கே உருவானதுதான் ‘ஸ்கங்க் நம்பர் 1’. எதிரி நெருங்கினால் வாலைத் தூக்கி நாற்றத்தைப் பீய்ச்சுமே, அந்த அமெரிக்கப் பிராணியின் பெயர்! ஒளித்து வளர்க்க வேண்டிய செடிக்கு ஊரையே கூட்டும் நாற்றமா? போலீஸுக்குப் பயந்தவர்கள் செய்கிற காரியமா இது? ஆனாலும் செய்தார்கள். 1980களில் விதை நெதர்லாந்து போய்ச் சேர்ந்தது. பின்னால் வந்த எத்தனையோ ரகங்களில் அதன் ரத்தம் ஓடுகிறது.

பிறகு விஞ்ஞானிகள் வந்தார்கள். டெர்பீன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அளந்து, பட்டியல் போட்டார்கள். எலுமிச்சை இருந்தது, மிளகு இருந்தது, பைன் மரமும் இருந்தது. ஸ்கங்க் மட்டும் எந்த டெர்பீனிலும் இல்லை. மூக்கை நம்பியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த அந்த நெடிக்கு வேதியியலில் பெயரே இல்லாமல் இருந்தது.

2021இல் ஓர் அமெரிக்க ஆய்வுக் குழு டெர்பீனை விட்டுவிட்டுக் கந்தகத்தைத் தேடியது. ஆள் அகப்பட்டான். இம்மியளவுதான் இருந்தான், ஆனால் நாற்றமெல்லாம் அவனுடையது.

அவன் ஒன்றும் புதுமுகம் இல்லை. பீர் ஆலைக்காரர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். அவனை விரட்டப் பல்லாண்டுகளாகப் படாதபாடு பட்டவர்கள் அவர்கள். கஞ்சாப் பூவில் ஒளிந்திருந்தவன், வெயிலில் வைத்த பீர் பாட்டிலுக்குள் எப்படிப் போனான்?

(தொடரும்)