முன்ஜாமீன் பிறந்த கதை

1974 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன்பு, தன்மேல் பொய் வழக்கு வரப்போகிறது என்று தெரிந்தவருக்கும் சட்டம் காட்டிய வழி ஒன்றுதான்: முதலில் கைதாக வேண்டும், பிறகு ஜாமீன் கேட்க வேண்டும். 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கைதுக்கு முன்பே ஜாமீன் தரும் பிரிவு கிடையாது. அந்த அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று சில நீதிபதிகள் கருதினார்கள். இல்லை என்பதே பெரும்பான்மைக் கருத்து. காவலில் இல்லாத ஒருவரை எப்படி விடுவிப்பது என்று அவர்கள் கேட்டார்கள். சட்டப்படி நியாயமான கேள்விதான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை கைதாகித் திங்கட்கிழமை வெளியே வருபவர் அதற்குள் ஊரில் தலைகுனிந்து போயிருப்பார். பல ஆண்டுகள் கழித்து வரும் விடுதலைத் தீர்ப்பு அந்த மானத்தை மீட்டுத் தராது.

இதை முதலில் எழுத்தில் வைத்தது இந்திய சட்ட ஆணையம். 1969 செப்டம்பரில் வெளிவந்த அதன் 41-ஆவது அறிக்கையின்போது தலைவராக இருந்தவர் கே.வி.கே. சுந்தரம், நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். செல்வாக்குள்ளவர்கள் தங்கள் எதிரிகளைப் பொய் வழக்கில் சிக்கவைத்து, சில நாளாவது சிறையில் தள்ளி அவமானப்படுத்துகிறார்கள்; அரசியல் போட்டி கூடக்கூட இதுவும் கூடுகிறது என்றது அறிக்கை. இன்னொரு காரணமும் சொன்னது: ஓடி ஒளிய மாட்டார் என்று நம்ப இடமிருக்கும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஜாமீன் மனு போடச் சொல்ல வேண்டும் என்பதில் நியாயம் இல்லை.

1972-இல் வந்த 48-ஆவது அறிக்கை, இந்த அதிகாரம் மிக அரிதாகவே பயன்பட வேண்டும், அரசு வழக்கறிஞருக்குத் தகவல் தந்த பிறகே இறுதி உத்தரவு வர வேண்டும் என்று எச்சரித்தது. இரண்டையும் எடைபோட்டு, 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த 1973-ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நாடாளுமன்றம் 438-ஆவது பிரிவை வைத்தது. ஜாமீனில் விட முடியாத குற்றத்துக்காகக் கைதாகலாம் என்று நம்பக் காரணம் உள்ளவர் அமர்வு நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுகலாம். கைது நடந்தால் அந்த நிமிடமே ஜாமீனில் விட வேண்டும் என்று நீதிமன்றம் முன்கூட்டியே உத்தரவிடும். ஆகவே இந்த உத்தரவு கைதைத் தடுப்பதில்லை, கைதைத் தொடர்ந்து வரும் சிறைவாசத்தையே தடுக்கிறது.

பிறந்த இரண்டே ஆண்டில் இதற்கு ஆபத்து வந்தது. நெருக்கடி நிலை நடப்பிலிருந்த 1976-இல் உத்தரப் பிரதேசம் இந்தப் பிரிவைத் தன் எல்லைக்குள் நீக்கிவிட்டது. 2019-இல்தான் அது அங்கே திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அம்மாநில மக்கள் கைதுக்குத் தடை கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருந்தது.

முன்ஜாமீனுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தது குர்பக்ஷ் சிங் சிப்பியா வழக்கு. பஞ்சாபில் அமைச்சராக இருந்த சிப்பியா மீது ஊழல் புகார் எழுந்தது. அவருடைய மனுவை 1977-இல் தள்ளுபடி செய்த பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்ற முழு அமர்வு, முன்ஜாமீனுக்கு எட்டு வரையறைகளை வகுத்தது. 1980 ஏப்ரல் 9 அன்று, தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகளின் உச்ச நீதிமன்ற அமர்வு அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் ரத்து செய்தது. நாடாளுமன்றம் எழுதாத நிபந்தனைகளை நீதிமன்றம் சேர்க்கக் கூடாது, தனிமனித சுதந்திரத்தைத் தொடும் பிரிவை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதல் தகவல் அறிக்கை பதிவாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றும் சொன்னது. அதே தீர்ப்பு எல்லையையும் போட்டது: வெறும் பயம் போதாது, பயத்துக்கு ஆதாரம் வேண்டும், எந்தக் குற்றத்துக்கும் செல்லும் பொத்தாம்பொதுவான உத்தரவு தரக் கூடாது.

பிற்காலத்தில் சில அமர்வுகள் முன்ஜாமீனுக்குக் காலக்கெடு விதித்தன. 2020 ஜனவரியில் சுசீலா அகர்வால் வழக்கில் மற்றொரு ஐவர் அமர்வு, பொதுவாகக் கெடு தேவையில்லை, விசாரணை முடியும்வரைகூட அது நீடிக்கலாம் என்று தீர்த்து வைத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்தப் பிரிவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்ற எண்ணோடு நிற்கிறது.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பிறப்பை அறிந்திருந்தால், விதிவிலக்கும் தானாக விளங்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு முன்ஜாமீனை மறுக்கிறது. அங்கே செல்வாக்கு பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் இருக்கிறது. அவர் வெளியே நடமாடினால் புகார் கொடுத்தவரை மிரட்டக்கூடும். 1995-இல் ராம் கிருஷ்ண பலோத்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. தருவதும் மறுப்பதும் ஒரே கேள்வியிலிருந்து வருகின்றன: அதிகாரம் யார் கையில், அது யாரை நசுக்கப் பார்க்கிறது?

நாளை ஒரு முன்ஜாமீன் மனுவை எழுத உட்காரும் இளம் வழக்கறிஞர், பிரிவு எண்ணுக்கும் தீர்ப்புப் பட்டியலுக்கும் முன்னால் இந்தக் கேள்விக்கு விடை எழுத வேண்டும். கட்சிக்காரருக்கும் புகார்தாரருக்கும் என்ன பகை, கைது எதற்குப் பயன்படப் போகிறது, அவர் ஏன் ஓடமாட்டார் என்று அந்த மனு சொல்லட்டும். 1969-இல் சட்ட ஆணையம் கவலைப்பட்டது இவற்றைப் பற்றித்தான்.