இரக்கத்தின் வரலாறு – 11: விடியல் வாசலில் மூன்று நாள்கள்

சகோதரி பவுஸ்தினா எழுதிவைத்த வடிவத்தில் இறை இரக்கப் பக்தியைப் பரப்பலாகாது என 1959 மார்ச் 6ஆம் நாள் வத்திக்கானின் திரு அலுவலகம், அதாவது கத்தோலிக்க விசுவாசத்துக்குக் காவலாக இருந்த உயர்மட்டத் துறை, பிறப்பித்த தடை இவ்வாரம் விளக்கப்படும் என்று சென்ற இதழில் கூறப்பட்டது. தடுக்கப்பட்டது எது என்பதை அறியாமல் தடையின் கனத்தை உணர இயலாது என்பதால், அப்பக்திக்குரிய ஓவியம் முதன்முதலாகப் பொதுமக்கள் கண்ணில் பட்ட இடத்தைப் பார்த்துவிடுவது முறையாகும். அந்த இடம் ஒரு மாதா திருத்தலம் என்பதை இவ்வரலாற்றை எழுதுவோர் பலரும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அது ஒரு வரிக்குரிய செய்தியே அல்ல.

இன்று லித்துவேனியாவின் தலைநகராக விளங்கும் வில்னியஸ், 1930களில் போலந்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட அதன் கோட்டை மதிலுக்குரிய வாயில்களில், ‘விடியல் வாசல்’ எனப்படும் தெற்கு வாயில் ஒன்றே காலத்தைத் தாண்டி நிற்கிறது. அவ்வாயிலின் மேல்தளத்துச் சிற்றாலயத்தில், 17ஆம் நூற்றாண்டில் ஓக் மரப்பலகையில் தீட்டப்பட்ட ‘இரக்கத்தின் அன்னை’ ஓவியம் வீற்றிருக்கிறது. மரியன்னையின் படங்களில் வழக்கமாகக் காணப்படும் குழந்தை இயேசு இதில் இல்லை. தலையைச் சற்றே சாய்த்து, கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, இமைகள் தாழ்ந்த நிலையில் அன்னை தனித்து நிற்கிறார். பொன்முலாம் பூசிய வெள்ளிக் கவசம் ஆடை முழுவதையும் மூடியிருப்பதால், ஓவியரின் வண்ணம் முகத்திலும் கைகளிலும் மட்டுமே வெளித்தெரிகிறது; அதன் அடியில், 19ஆம் நூற்றாண்டில் நேர்ச்சையாகச் செலுத்தப்பட்ட பெரிய வெள்ளிப் பிறை பொருத்தப்பட்டுள்ளது. சுவர்களில் வெள்ளி இதயங்களும் கை கால் உருவங்களும் இடைவெளியின்றி நிறைந்திருக்கின்றன. வேளாங்கண்ணியில் உடலுறுப்பு உருவங்களைக் காணிக்கையாகச் செலுத்திப் பழகிய தமிழ் மக்களுக்கு இவ்வழக்கம் புதிதாகத் தோன்றாது. வாயிலின் கீழ்த் தெருவில் நடந்து செல்லும் ஆண்கள் தொப்பியைக் கழற்றி வணங்கிச் செல்வது பல தலைமுறைகளாக நிலைத்த மரபு. போலந்து மொழியின் பெருங்கவிஞர் ஆடம் மிக்கியவிச், நாடு பறிபோன காலத்தில் பாரிஸில் ஏதிலியாக இருந்து 1834இல் வெளியிட்ட ‘பான் ததேயுஷ்’ காவியத்தின் தொடக்கத்திலேயே இந்த அன்னையை விளித்திருக்கிறார். 1927 ஜூலை 2ஆம் நாள் ஓவியத்துக்குத் திருமுடி சூட்டும் விழா நடந்தேறியது.

பவுஸ்தினா இந்நகருக்கு வந்தது 1933 மே மாதத்தில், நித்திய வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுமைக்குமான துறவற வாக்குறுதி, அளித்த சில வாரங்களுக்குள். அவர் சேர்ந்திருந்த துறவற சபையே இரக்கத்தின் அன்னையின் பெயரைத் தாங்கியது. வில்னியஸுக்கு வரும் வழியில் செஸ்டகோவா திருத்தலத்தில் இறங்கிய அவர், காலை 5 மணிக்கு அன்னையின் திருப்படத்துக்குத் திரை விலகியது முதல் 11 மணி வரை அங்கேயே செபித்திருந்தார் என்பதை அவரது நாட்குறிப்பு காட்டுகிறது. அமல உற்பவத் திருநாளுக்கு முன் ஒன்பது நாள்கள், நாளொன்றுக்கு ஆயிரம் ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லும் கடும் நவநாளையும் அவர் மேற்கொண்டிருந்தார். அதுவும் சமையலறை, தோட்டம் எனக் கைவேலைக்கு ஒதுக்கப்பட்ட, சில ஆண்டுகளே பள்ளி சென்ற ஒரு சகோதரியின் அன்றாட உழைப்புக்கு நடுவே. இறை இரக்கப் பக்தி மரியன்னைப் பக்தியை ஓரங்கட்டிவிட்டு வந்த புதுமை என்று கூறுவோர் இப்பக்கங்களைப் படிக்காதவர்களே.

வில்னியஸில் அவருக்குக் கிடைத்த ஒப்புரவுக் குரு, அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்டு ஆன்ம வழிகாட்டிய அருட்பணியாளர், மிஹாவ் சொபோச்கோ என்ற இறையியல் பேராசிரியர். இத்தொடரில் இதுவரை வந்த மாந்தருள் இவரைவிட மேலான துணிவுடையவர் எவரும் இல்லை. அவர் எளிதில் நம்பிவிடவில்லை. சகோதரியை முதலில் மனநல மருத்துவரின் பரிசோதனைக்கு அனுப்பி, அறிவுத் தெளிவில் குறையில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பின்னரே, தாம் குடியிருந்த அதே வீட்டில் வசித்த எவ்கேனியுஷ் காஸிமிரோவ்ஸ்கி என்ற ஓவியரிடம், பிளோக் நகரில் சகோதரி கண்ட காட்சியில் இயேசு கேட்ட தமது படத்தைத் தீட்டும் பணியை ஒப்படைத்தார். அப்போதும் அவரை நடத்தியது உறுதியான நம்பிக்கையைவிட, அப்படம் எப்படியிருக்கும் என்று காணும் ஆவலே என்பதைப் பின்னாளில் அவரே எழுதிவைத்தார்.

1934 ஜனவரியில் தொடங்கிய பணி ஜூன் வரை நீண்டது. வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ மடத் தலைவியுடன் ஓவியரின் கூடத்துக்கு வந்த பவுஸ்தினா, ஆசி வழங்கும் கை எவ்வளவு உயர வேண்டும், பார்வை எங்கு விழ வேண்டும் என்று திருத்தங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொபோச்கோ தாமே வெண்ணிற நீளங்கி அணிந்து ஓவியரின் முன் நின்றார். இதயத்திலிருந்து பாயும் இரு கதிர்களில், வெளிறியது ஆன்மாவைத் தூய்மையாக்கும் தண்ணீரையும், சிவந்தது ஆன்மாவுக்கு உயிராகும் இரத்தத்தையும் குறிக்கும். சிலுவையில் ஈட்டியால் குத்தப்பட்ட விலாவிலிருந்து இரத்தமும் தண்ணீரும் வடிந்ததாக யோவான் நற்செய்தி கூறுவதே இதன் வேர். முடிந்த படத்தைக் கண்ட சகோதரி, தாம் கண்ட அழகு இதில் இல்லையே என்று அழுதார். வண்ணத்திலோ தூரிகையிலோ இப்படத்தின் பெருமை இல்லை, அருளிலேயே உள்ளது என்ற பதில் தமக்குக் கிடைத்ததாக அவர் பதிந்துள்ளார். பெர்னார்தின் சகோதரிகள் மடத்தின் இருண்ட நடைவழி ஒன்றில் அப்படம் மாட்டப்பட்டது.

மீட்பின் 1900ஆம் ஆண்டு யூபிலி 1935இல் நிறைவுற்றபோது, விடியல் வாசலில் மூன்று நாள்கள் மறையுரை ஆற்றும்படி சொபோச்கோவிடம் கேட்கப்பட்டது. அவர் ஒரு நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டார்: மடத்தில் கிடக்கும் படத்தை அங்கே சன்னலில் வைக்க வேண்டும். ஏப்ரல் 26 முதல் 28 வரை, இரக்கத்தின் அன்னைக்கு அருகில், தெருவில் நிற்பவர் அனைவரும் காணும் உயரத்தில் அவ்வோவியம் இருந்தது. வெள்ளிக்கிழமை மறையுரையைக் கேட்க வந்திருந்த பவுஸ்தினா, படத்தின் திருக்கரம் அசைந்து சிலுவை அடையாளம் வரைந்ததைக் கண்டதாக எழுதியுள்ளார். 28ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. அந்த ஞாயிற்றைத்தான் இரண்டாம் யோவான் பவுல் 2000இல் பவுஸ்தினாவுக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது திருச்சபை முழுமைக்கும் இறை இரக்க ஞாயிறாக அறிவித்தார். மகனின் இரக்கம் முதன்முதலாகத் தாயின் வாசலில் நின்றே மக்களைப் பார்த்தது என்பதில் இப்பக்தியின் முழு இறையியலும் அடங்கியிருக்கிறது.

உலகெங்கும் கத்தோலிக்க வீடுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் படம் இதுவன்று. போரில் தம் குடும்பம் தப்பியதற்கு நன்றியாக அடோல்ப் ஹிவா என்ற ஓவியர் 1943இல் கிராக்கூவ் சகோதரிகளுக்கு வழங்கியதும், அதை ஒட்டி 1944இல் தீட்டியதுமான படங்களின் வழியில் வந்த படிகளே அவை. அவற்றால் அடைந்த பயன் பெரிது; ஆயினும் சகோதரியின் கண்முன் உருவான ஒரே ஓவியம் காஸிமிரோவ்ஸ்கியுடையது என்பதை நினைக்கும்போது, அதற்குக் கிடைத்த புறக்கணிப்பு நியாயமானதாகத் தோன்றவில்லை. காஸிமிரோவ்ஸ்கி 1939இல் மறைந்தார். பவுஸ்தினா அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், 33ஆம் வயதில், காசநோயால் இறந்திருந்தார்.

1937 முதல் வில்னியஸின் புனித மிக்கேல் ஆலயத்தில் தொங்கிய காஸிமிரோவ்ஸ்கியின் ஓவியம், 1948இல் சோவியத் ஆட்சி அவ்வாலயத்தை மூடிய பின் இரு பெண்களால் மீட்கப்பட்டு மறைத்து வைக்கப்பட்டது. 1956இல் அது பெலாருஸின் நோவா ரூடா என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தது. 1970இல் அவ்வூர்க் கோயிலும் மூடப்பட்டபோது ஓவியம் உள்ளேயே தங்கிவிட்டது. 1986இல் இரகசியமாக வில்னியஸுக்குக் கொண்டுவரப்பட்ட அது, 2005 முதல் அந்நகரின் இறை இரக்கத் திருத்தலத்தில் உள்ளது. திரு அலுவலகத்தின் தடை நிலவிய ஆண்டுகள் முழுவதும் மூல ஓவியம் இவ்வாறு ஊர் பெயர் தெரியாத கோயிலில் இருந்தது என்பதே, அடுத்த இதழில் தொடங்கவுள்ள 1959இன் கதைக்கு வேண்டிய முன்னுரை. அத்தடை 1978 ஏப்ரல் 15ஆம் நாள் நீக்கப்பட்டது. சொபோச்கோ 1975 பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார்.