பள்ளித் தோட்டம்: பழனி மலையில் ஒரு பாடம்

பள்ளித் தோட்டம் என்பது பள்ளி வளாகத்திலோ அதை ஒட்டிய நிலத்திலோ மாணவர்களே பயிரிட்டுப் பார்த்துக்கொள்ளும் தோட்டம். வாசலில் அழகுக்கு வரிசை கட்டிய குரோட்டன்ஸ் இதில் சேராது. மண்ணைக் கொத்துவதும் விதை ஊன்றுவதும் பிள்ளையின் கையாக இருந்தால்தான் அது பாடம்.

இந்தப் பாடத்தின் வரலாற்றில் பழனி மலையில் இருக்கும் கொடைக்கானலுக்கு எதிர்பாராத ஓர் இடம் உண்டு. 1907-இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, 1939-இல் ஆசிரியர் பயிற்சி நடத்த அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். மகன் மாரியோவைச் சில வாரங்கள் முகாமில் அடைத்தார்கள். தாயும் மகனும் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார்கள். மாண்டிசோரிக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது.

ஓய்ந்து உட்காரவில்லை, ஒரு சிறு பள்ளி நடத்தினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன உடன் பணியாற்றினார். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான தாவரவியல், புவியியல் பாடங்கள் இந்த மலையில் வளர்ந்தன. மண், நீர், செடி, பூச்சி, மனிதன் எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தவை என்று காட்டும் அவருடைய ‘பிரபஞ்சக் கல்வி’ முதிர்ந்ததும் இங்கேதான். சோலைக்காடும் ஓடையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஊர், படம் பார்த்துப் படிக்க அவசியமே இல்லை.

செடி வளர்ப்பைப் பற்றி அவர் முன்பே எழுதியிருந்தார்: தண்ணீர் விட மறந்தால் செடியே வாடிக் காட்டிவிடும், ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை, முளை வரும்வரை பிள்ளை காத்திருக்கவும் பழகும்.

அந்தக் காத்திருப்பு லேசானதல்ல. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பல்லைத் தலைகீழாக ஊன்றினாலும் முளைக்கும். ஆனால் குருத்து மண்ணுக்குள் வளைந்து திரும்பித்தான் மேலே வரும். நாலாம் நாளே பிடுங்கிப் பார்க்கும் பிள்ளைக்கு வேர் மட்டும் தெரியும். பொறுத்திருந்த பிள்ளை, செடிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிந்திருப்பதைக் கண்ணால் காணும். கரும்பலகையில் இதை எழுதிப்போட முடியும், அவ்வளவுதான்.

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் நிலமும் பாடம் நடத்தும். சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் ஒரே மழையில் மேல்மண் ஓடிவிடும். குறுக்கே போட்டால் நிற்கும். மார்கழி உறைபனியில் பீன்ஸ் கருகும், கேரட் தாங்கும்.

பெருமாள்மலை அருகே 1989-இல் தொடங்கிய சோலை பள்ளியில் இயற்கை வேளாண்மை படிப்பின் ஓர் அங்கம். இதே திண்டுக்கல் மாவட்டத்தின் சமவெளியில், டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம், 1937 வார்தா மாநாட்டில் உருவான ஆதாரக் கல்வியைக் கடைப்பிடித்தது. உழைப்பின் வழியே எழுத்தும் கணக்கும் என்பது அதன் கொள்கை.

பலன் உண்டா? 1990 முதல் 2010 வரை வெளிவந்த 48 ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அறிவியல் பாடத்தில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிகிறது என்கிறது; பல ஆய்வுகளின் முறை தளர்வானது என்றும் ஒப்புக்கொள்கிறது. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட பள்ளி ஊட்டச்சத்துத் தோட்ட வழிகாட்டுதல், விளைந்த காய்கறி மதிய உணவுக்குப் போக வேண்டும் என்கிறது. தான் நட்ட கீரையை ஒதுக்கிவைக்கப் பிள்ளைக்கு மனம் வராது என்பது அம்மாக்களுக்கு ஆய்வில்லாமலே தெரியும்.

கோடை விடுமுறையில் யார் தண்ணீர் விடுவது என்பது எல்லா ஊருக்கும் பொதுவான சிக்கல். கொடைக்கானலுக்கென்று தனிச் சிக்கல் காட்டுமாடு. ஓரிரவில் பாத்தி காலி. வேலிக்கு எத்தனை கம்பம், எத்தனை அடி கம்பி என்று பிள்ளைகள் நாடா பிடித்து அளக்கும்போது, கணக்குப் புத்தகத்தின் ‘சுற்றளவு’ வெளியே வந்துவிடுகிறது.