தனியாள் கல்வித் திட்டமும் திருகோணமலையும்

கல்வி வரலாற்றை ஆராய்வோர் பாடசாலைகளின் தோற்றத்தையும் சட்டங்களின் பிறப்பையுமே பெரிதும் கணக்கிற் கொள்வர். பாடசாலைக்கு வெளியே நின்ற பிள்ளைகளின் வரலாறு அருகியே எழுதப்பட்டுள்ளது. விழிப்புலனோ செவிப்புலனோ குன்றிய பிள்ளைகளும், கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளும் நெடுங்காலம் அவ்வாறு வெளியே நின்றோராவர்.

தமிழகத்திலே பாளையங்கோட்டையில் 1897 இல் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையாரின் செவிப்புலனற்றோர் பள்ளி தோன்றிற்று. இலங்கையில் 1912 இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பள்ளியே பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. 1956 இல் அதன் தமிழ்மொழிப் பிரிவு யாழ்ப்பாணத்துக் கைதடிக்கு மாற, நவீல்ட் பாடசாலை உருவாயிற்று. இவற்றின் தொண்டு பெரிது. எனினும், இவை விடுதிப் பள்ளிகள். திருகோணமலைப் பிள்ளை ஒன்று இவற்றிற் கற்பதாயின் தாய்தந்தையரையும் கடலோரத்து வீட்டையும் பிரிந்தே செல்லவேண்டியிருந்தது. பள்ளி இருந்த இடத்திற்குப் பிள்ளை சென்றது. பிள்ளை இருந்த இடத்திற்குப் பள்ளி வரவில்லை.

இந்நிலையை மாற்றிய சிந்தனை அமெரிக்காவிலே சட்ட வடிவம் பெற்றது. குறைபாடுடைய பிள்ளைகளைப் பாடசாலைகள் விலக்கிவைத்தல் முறையன்று என 1972 இல் பென்சில்வேனியா, கொலம்பியா மாவட்ட வழக்குகள் நிலைநாட்டின. அவற்றின் வழியே 1975 இல் இயற்றப்பட்ட சட்டம், அத்தகைய பிள்ளை ஒவ்வொன்றிற்கும் எழுத்துமூலமான தனியாள் கல்வித் திட்டம் வேண்டும் என விதித்தது. பிள்ளையின் இன்றைய நிலை யாது, ஓராண்டில் அடையவேண்டிய இலக்கு யாது, அதற்கு வேண்டிய உதவிகள் எவை, முன்னேற்றத்தை அளப்பது எவ்வாறு என்னும் நான்கு வினாக்களுக்கு அத்திட்டம் விடை கூறவேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் கூடியிருந்து அதனை வகுப்பர். ஆண்டுக்கொருமுறையேனும் மீளாய்வு செய்வர்.

இலக்கு எழுதப்படும் முறையிலேயே திட்டத்தின் உயிர் தங்கியுள்ளது. “வாசிப்பில் முன்னேறுவான்” என்பது நல்லெண்ணம் மாத்திரமே. “இரண்டாம் தவணை முடிவில் ஐந்து வரிப் பந்தி ஒன்றை உதவியின்றி வாசித்துப் பொருள் கூறுவான்” என்பது இலக்கு. முன்னதற்கு எவரும் பொறுப்பாளியல்லர். பின்னது நிறைவேறாவிடின், கற்பித்தல் முறையை மாற்றவேண்டிய கடமை பாடசாலையைச் சாரும்.

1994 இன் சலமன்காப் பிரகடனம், இத்தகைய பிள்ளைகள் பொதுப் பாடசாலையிலேயே கற்கவேண்டும் என வலியுறுத்திற்று. இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோருக்குக் கல்வி நிலைய அனுமதியிற் பாரபட்சம் காட்டலாகாது என்றது. தனியாளுக்கேற்ற உதவியை வேண்டும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. ஆயினும், எழுத்துமூலத் திட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியது என்னும் விதி 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. அனுமதி உரிமையாயிற்று, அனுமதிக்குப் பின் நிகழவேண்டியது ஆசிரியரின் அருளுக்கு விடப்பட்டது.

திருகோணமலையில் இக்குறை மேலும் கூர்மையுடையது. குடாக்களும் களப்புகளும் ஊர்களைப் பிரிக்கும் மாவட்டம் அது. 2009 இற் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்குச் செல்வோர் மிதவைப் பாதையிலேயே நீரைக் கடந்தனர். நடக்கவியலாத பிள்ளைக்கு அத்துறையும் ஒரு பாடசாலைத் தடையே. ஆதலின் போக்குவரத்தும் திட்டத்தில் இடம்பெறவேண்டிய உதவியாகின்றது. 2004 இன் ஆழிப்பேரலையும் 2006 இல் மூதூர்ப் பகுதியில் மூண்ட போரும் குடும்பங்களை ஊர்விட்டு ஊர் பெயர்த்தன. தன் நிலையை எடுத்துரைக்கவியலாத பிள்ளை புதிய வகுப்பறையில் அமரும்போது, அதுவரை கற்றது யாது என்பதை ஆசிரியருக்கு உரைப்பது எது? முன்னைய ஆசிரியரின் நினைவு ஊரிலேயே நின்றுவிடும். தாயின் கைப்பையில் ஒரு பிரதி இருக்குமாயின், அதுவே பிள்ளையோடு பயணம் செய்யும்.

தனியாள் கல்வித் திட்டம் அலுவலகக் கோப்பிற் கிடக்கும் படிவமாயின் அதனாற் பயனில்லை. பிள்ளைக்குச் சமூகம் எழுதிக்கொடுத்த வாக்குறுதியாக அது கொள்ளப்படும்போதே, 1912 இல் இந்நாட்டில் தொடங்கிய பணி தன் அடுத்த படியை அடையும்.