கோழிகளில் வைட்டமின், தாது உப்புக் குறைபாடுகள்

பெரும்பாலும் சிறிய அளவிலேயே தேவைப்படும் ஊட்டங்கள் தீவனத்தில் போதாமையாலோ, இருந்தும் குடலில் உறிஞ்சப்படாமையாலோ கோழிகளுக்கு உண்டாகும் நோய்நிலைகள் வைட்டமின், தாது உப்புக் குறைபாடுகள் எனப்படும். வைட்டமின் சி-யைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே உண்டாக்கிக்கொள்கிறது. ஏனைய வைட்டமின்களுக்குக் கூண்டுக்கோழி ஏறக்குறைய முழுவதும் தீவனத்தையே நம்பியுள்ளது.

இக்குறைபாடுகளைப் பற்றிய அறிவு, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் தலைநகராயிருந்த பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தொடங்கியது. மனிதரின் நரம்புகளைத் தாக்கிக் கால்களை வலுவிழக்கச் செய்யும் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், 1880களின் இறுதியில், தம் ஆய்வுக்கூடக் கோழிகள் அந்நோய் கண்டவர்போல் கால் தள்ளாடி, பின் எழவும் இயலாமல் விழுந்து இறப்பதைக் கண்டார். சில மாதங்களில் நோய் தானே நின்றுவிட்டது. இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அதைத் தர மறுத்தபின் தீட்டாத அரிசியைத் தின்ற கோழிகள் தேறியதும் விசாரணையில் தெரியவந்தன. எனினும், அரிசியின் மாவுச்சத்தில் நஞ்சு விளைகிறது என்றும், தவிடு அதை முறிக்கிறது என்றுமே எய்க்மான் கருதினார். அவர் பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ்தான், இன்றியமையாத ஒரு பொருள் உணவில் இல்லாமையே நோய்க்குக் காரணம் என்று 1901-இல் விளக்கினார். ஆகவே குறைபாட்டு நோய் என்னும் கருத்துக்கு உண்மையான தந்தை அவரே. 1926-இல் யான்சென், டோனாத் ஆகிய இருவர் அதே பட்டாவியாவில் அப்பொருளைத் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தனர். நெல்லூரில் பிறந்த அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் 1936-இல் அதைச் செயற்கையாக உருவாக்கினார். தயமின் (வைட்டமின் பி1) எனப்படுவது இதுவே. நோபல் பரிசோ 1929-இல் எய்க்மானுக்கே கிடைத்தது.

வைட்டமின் கே-யும் கோழிக்குஞ்சுகளின் வழியே அறியப்பட்டது. கோபன்ஹேகனில் கொலஸ்டிரால் பற்றி ஆராய்ந்துவந்த ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற குஞ்சுகளின் தோலடியிலும் தசையிலும் இரத்தம் கசிவதையும், அது உறையத் தாமதமாவதையும் கண்டு, 1935-இல் இவ்வைட்டமினுக்குப் பெயரிட்டார். வைட்டமின் அறிவியல் மனிதருக்குச் செய்த நன்மையில் கோழிக்கு உரிய பங்கு பெரிது.

வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை (ஏ, டி, ஈ, கே), நீரில் கரைபவை (பி தொகுதி, சி) என இரு வகைப்படும். ஏ குறைந்தால் உணவுக்குழாயின் உட்புறத்தில் வெண்ணிறக் கொப்புளங்கள் தோன்றும். டி குறைந்தால் அலகும் எலும்பும் ரப்பர்போல் வளையும். ஈ குறைந்த குஞ்சுகள் மூளை பாதிக்கப்பட்டுத் தடுமாறி விழும். தயமின் குறைந்த கோழி, மடங்கிய கால்மேல் அமர்ந்து, தலையை முதுகுப்பக்கம் சாய்த்து வானத்தைப் பார்த்தபடி இருக்கும். ரைபோஃபிளேவின் (பி2) குறைந்த குஞ்சு, விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, கணுக்காலால் ஊன்றி நகரும். அதன் தொடை நரம்பு தடித்திருப்பதால் நரம்புகளைத் தாக்கும் வைரஸ் நோயான மாரெக் நோய் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. ஆயினும் சுருண்ட விரல்களும், குஞ்சின் இளவயதும் வேறுபாட்டைக் காட்டிவிடும்.

தாது உப்புகளில் முதன்மையானது கால்சியம். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருப்பதால், முட்டைக்கோழித் தீவனத்தில் அது 3.5 முதல் 4 விழுக்காடு வரை சேர்க்கப்படுகிறது. கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் தூளும் இதற்குப் பயன்படுகின்றன. குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து முட்டையிடும். பின்னர் தோல்முட்டை இட்டு, கால் வலுவிழந்து கூண்டிலேயே சாய்ந்துவிடும். கால்சியம் மிகுந்த முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்கு இட்டாலோ அவற்றின் சிறுநீரகம் கெடும். மாங்கனீசு குறைந்தால் கணுக்கால் மூட்டிலிருந்து தசைநாண் நழுவிக் கால் கோணும். செலீனியமும் வைட்டமின் ஈ-யும் சேர்ந்து குறைந்தால் தோலடியில் பசுநீல நீர் கோக்கும்.

நாமக்கல் போன்ற பெரும் பண்ணைப் பகுதிகளில் வைட்டமின், தாது உப்புக் கலவை சேர்த்த தீவனமே இன்று வழக்கில் இருப்பதால், கலவைப் பிழை, நாள்பட்ட சேமிப்பு, குடல்நோய் ஆகியவற்றாலேயே இக்குறைபாடுகள் பெரும்பாலும் ஏற்படுகின்றன.