கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்: வீட்டுச் சோதனையின் கதை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள் நம் ஊரில். அமெரிக்காவில் வீட்டைக் கட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. யாரோ கட்டி, யாரோ குடியிருந்த வீட்டை வாங்குபவர்கள்தான் அதிகம். விலை பேசி முடித்த பிறகு, கிரயம் முடிவதற்கு முன், வாங்குபவர் ஒரு ஹோம் இன்ஸ்பெக்டரை அமர்த்துவார். அவர் இரண்டு மூன்று மணி நேரம் கூரை, ஒயரிங், குழாய், ஹீட்டர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார். கட்டணம் சில நூறு டாலர். அதை நம்பி லட்சக்கணக்கான டாலர் கைமாறும்.

அந்த ரிப்போர்ட்டில் எதெல்லாம் வராது? அது அப்படி அமைந்ததற்கு ஒரு கதை இருக்கிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'கேவியட் எம்ப்டார்' ஞாபகம் இருக்கும். வாங்குபவரே, உஷார்! (1930 சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்டது.) ஆங்கிலேயச் சட்ட மரபில் வீட்டுக்கும் நெடுங்காலம் இதே கதைதான். விற்பவர் பொய் சொன்னால் மாட்டுவார், வாயை மூடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தப்பிவிடுவார். கலிஃபோர்னியா நீதிமன்றங்கள் 1960களிலேயே இதைத் தளர்த்தின. தெரிந்த பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்றன. வீட்டுத் தரகரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். ஆனால் தேடிப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

அப்போதுதான் டையப்லோ வீடு வந்தது.

கலிஃபோர்னியாவில் டையப்லோ என்ற ஊர். ஒரு ஏக்கர் நிலம், 3,000 சதுர அடி வீடு, நீச்சல் குளம், தனியாக விருந்தினர் வீடு. 1976 மே மாதம் ஒரு பெண்மணி இதை 1,70,000 டாலருக்கு வாங்கினார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே மண் சரிந்தது. அடுத்தடுத்த வருடங்களிலும் சரிந்தது. கார் போகும் பாதையில் ஒரு பகுதி போயிற்று. அஸ்திவாரம் இறங்கி, சுவர் வெடித்து, வாசல்நிலைகள் கோணிக்கொண்டன. கடைசியில் அந்தச் சொத்தின் மதிப்பு 20,000 டாலர் வரை இறங்கிவிட்டது என்று நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. சரி செய்வதற்கோ வாங்கிய விலையைவிட அதிகம், 2,13,000 டாலர் வரை ஆகும் என்றார்கள்!

காரணம், வீடு நின்றது கொட்டி நிரப்பிய மண்ணின் மேல். அதைச் சரியாகக் கெட்டிக்கவில்லை. 1973-ல் சின்னதாகவும் 1975-ல் பெரிதாகவும் ஏற்கெனவே சரிவு ஏற்பட்டிருந்தது. விற்றவர்கள் மூச்சு விடவில்லை.

தரகர்கள் கதை இன்னும் சுவாரசியம். விருந்தினர் வீட்டின் தரை ஏறி இறங்கி இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த வலை விரித்திருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். நிரப்பிய மண் என்பதும் தெரியும். ஆனாலும் மண்ணைப் பரிசோதிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. (கமிஷன் மட்டும் மறக்காமல் ஞாபகம் இருந்திருக்கும்!)

சட்டப் புத்தகங்களில் 'ஈஸ்டன் வழக்கு' என்று வரும் இந்த வழக்கில் 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தெரிந்ததைச் சொன்னால் மட்டும் போதாது, தரகர் நியாயமான அக்கறையோடு வீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வேண்டும் என்றது. தரகர்கள் ஆடிப்போனார்கள். அடுத்த வருடமே, 1985-ல், சட்டமன்றம் இந்தக் கடமையைச் சட்டமாக்கியது. ஆனால் எப்படி ஆக்கியது என்று பாருங்கள். சோதனை கண்ணால் பார்ப்பதாக இருந்தால் போதும். அதுவும் சாதாரணமாகப் போய்ப் பார்க்க முடிகிற இடங்களில் மட்டும். கடமையையும் கொடுத்து, வேலியையும் போட்டாயிற்று.

கண்ணால் பார்ப்பதையும் தொழில்முறை ஆளிடம் விடுவது தரகருக்கு இன்னும் பாதுகாப்பு. அந்தத் தொழில் ஏற்கெனவே முளைத்திருந்தது. அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கம் தொடங்கியது, டையப்லோ வீடு கைமாறிய அதே 1976-ல்தான். சங்கம் வகுத்த விதிகளிலும் செய்ய வேண்டியவற்றோடு, செய்யத் தேவையில்லாதவை என்று ஒரு நீளமான பகுதி உண்டு. சோபாவை நகர்த்த வேண்டியதில்லை. சுவரைத் திறக்க வேண்டியதில்லை. பூமிக்கு அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. கூரை இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, டையப்லோ வீட்டையே இன்று ஒரு ஆய்வாளரிடம் காட்டினால், விரிசலையும் சாய்ந்த தரையையும் குறித்து, ஒரு எஞ்சினியரைக் கேளுங்கள் என்று எழுதலாம். மண்ணைத் தோண்டிப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

ஆய்வாளரைக் குறை சொல்வதும் முழு நியாயம் ஆகாது. வீடு இன்னும் விற்பவருடையது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்காக அடுத்தவர் வீட்டுச் சுவரை யார் இடிக்க விடுவார்கள்?

ஆனால் சுவருக்குள் இருப்பது எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை கனடாவின் வான்கூவர் காட்டியது. 1980களிலும் 90களிலும் அங்கே அடுக்குமாடிகள் எழுந்தன. சிமென்ட் பூச்சு, கூரை நீட்டம் இல்லாத சுவர்கள். வெயில் ஊருக்கான ஸ்டைலை மழை ஊரில் கொண்டுவந்து வைத்தார்கள். தண்ணீர் உள்ளே போனது, வெளியே வர வழியில்லை. பூச்சு பளபளவென்று இருக்க, உள்ளே மரச்சட்டம் மக்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. 1998-ல் முன்னாள் முதல்வர் டேவ் பேரட் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதே ஆண்டு வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2009-ல், கனடாவிலேயே முதல் மாகாணமாக, பிரிட்டிஷ் கொலம்பியா வீட்டு ஆய்வாளர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றது.

சோதனையில் சிக்காத குறைக்கு யார் பொறுப்பு? நியூயார்க் நீதிமன்றம் 1991-ல் ஒரு வேடிக்கையான வழக்கில் இதைச் சந்தித்தது. நயாக் என்ற ஊரில் 6,50,000 டாலர் வீடு, முன்பணம் 32,500. பிறகுதான் அது பேய் வீடு என்று வாங்கியவருக்குத் தெரிந்தது. பேய் இருப்பதாகப் பத்திரிகைகளில் பரப்பியதே வீட்டுக்காரர்தான்! எவ்வளவு நுணுக்கமாகச் சோதித்தாலும் பேய் தெரியாது, ஆகவே 'உஷார்' விதி இங்கே செல்லாது என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு. பேய்க்குக் கிடைத்த இந்தச் சலுகை சுவருக்குள் இருக்கும் ஈரத்துக்கு எப்போதும் கிடைப்பதில்லை. விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாமே.

அப்படியானால் ஆய்வாளரிடம் நஷ்டஈடு கேட்கலாமா? தப்பு நடந்தால் வாங்கிய கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவேன் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. கலிஃபோர்னியா 1996-ல் இந்த வரி செல்லாது என்றது. சோதித்த வீட்டில் ஒரு வருடத்துக்குள் அவரே ரிப்பேர் வேலை எடுப்பதையும் தடுத்தது. ஆனால் அதே சட்டம்தான் சோதனை என்றால் உடைக்காமல், பிரிக்காமல் பார்ப்பது என்று விளக்கமும் எழுதியது.

2020, 2021-ல் வீடு வாங்கப் போட்டி கடுமையானபோது, பலர் இந்தச் சோதனையே வேண்டாம் என்று சொல்லி வீட்டைப் பிடித்தார்கள். விற்பவர்களுக்குக் கொண்டாட்டம். மாசசூசெட்ஸ் மாநிலம் 2024-ல் இதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 அக்டோபர் 15 முதல், சோதனையை விட்டுக்கொடுத்தால்தான் வீடு என்று அங்கே விற்பவர் நிபந்தனை போட முடியாது.