வாயில் இல்லாத வாயில்கள்: பெய்ஜிங் நகரச் சுவரின் கதை

பெய்ஜிங் செல்லும் பயணி காண வேண்டிய இடங்களாக விலக்கப்பட்ட நகரம், சொர்க்கக் கோயில், கோடைக்கால அரண்மனை, பெருஞ்சுவர் ஆகியவற்றையே எல்லா வழிகாட்டிகளும் முன்வைக்கின்றன. அவற்றில் இடம்பெறாத ஒரு சின்னத்தைப் பயணி தன்னையறியாமலே சுற்றிவருகிறார். நகர மையத்தை வளையமாகச் சூழ்ந்தோடும் சுரங்க ரயிலின் இரண்டாம் தடத்தில் 18 நிலையங்கள் உள்ளன. அவற்றுள் 11 நிலையங்களின் பெயர்கள் ‘மென்’ என முடிகின்றன. சீன மொழியில் ‘மென்’ என்பது வாயிலைக் குறிக்கும். ஆனால் நிலையத்தை விட்டு மேலேறி வருபவர் சியென்மென்னில் மட்டுமே கோட்டை வாயிலைக் காண முடியும்.

மிங் பேரரசு 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய உள்நகரச் சுவர் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமும் ஒன்பது வாயில்களும் கொண்டது. தெற்கே வெளிநகரச் சுவர் 1553-இல் கட்டத் தொடங்கப்பட்டது. பேரரசு வீழ்ந்த பின்னும், புதிய வழிகள் சில இடங்களில் திறக்கப்பட்டபோதும், 1949-இல் மக்கள் குடியரசு அமைந்த வேளையில் சுவரின் பெரும்பகுதி எஞ்சியிருந்தது.

அதை இடிப்பதா, காப்பதா என்ற விவாதம் 1950-இல் கூர்மையடைந்தது. சுவர் நிலவுடைமைக் காலத்தின் எச்சம், போக்குவரத்துக்குத் தடை, அதன் செங்கற்கள் கட்டுமானத்துக்குப் பயன்படும் என்பன இடிக்க விரும்பியோரின் வாதங்கள். கட்டடக்கலை வரலாற்றறிஞர் லியாங் சிசெங் இவற்றை மறுத்தார். போக்குவரத்துக்குச் சுவரில் புதிய வாயில்களைத் திறக்கலாம், சுவரின் அகன்ற மேற்பரப்பை மக்கள் உலாவும் பூங்காவாக்கலாம் என்றார். அதே ஆண்டில், நகரமைப்பாளர் சென் ஜான்ஷியாங்குடன் இணைந்து, புதிய நிர்வாக மையத்தைப் பழைய நகருக்கு மேற்கே அமைக்கும் திட்டத்தையும் முன்வைத்தார். அத்திட்டம் ஏற்கப்படவில்லை.

வெளிநகரச் சுவர் 1950-களில் மறைந்தது. அதன் நடுவாயிலான யோங்டிங்மென் 1957-இல் இடிக்கப்பட்டது. உள்நகரச் சுவருக்கு இறுதி அடியாக அமைந்தது, 1965-இல் தொடங்கிய சுரங்க ரயில் பணி. சுவரும் அகழியும் இருந்த நிலத்தில் தடம் அமைத்தால் குடியிருப்புகளை அதிகம் அகற்ற வேண்டியதில்லை என்பது திட்டமிட்டோரின் கணக்கு. அக்கணக்கை முற்றிலும் பொருளற்றதென்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இழப்பின் அளவை 1969-இல் நடந்த ஒரு நிகழ்வு காட்டுகிறது. சிஷிமென் வாயிலை இடித்தபோது, மிங் காலக் கட்டுமானத்துக்குள் புதைந்திருந்த யுவான் காலத்து ஹேயிமென் வாயில் வெளிப்பட்டது. 1358-இல் கட்டப்பட்ட அவ்வாயில் ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் வெளிச்சத்துக்கு வந்து, ஆய்வுக்குப்பின் அதுவும் அகற்றப்பட்டது.

மாற்றுவழி இருந்தது என்பதற்கும் சான்று உண்டு. தென்கிழக்குச் சுவர்மீது 1442-இல் அமைந்த வானாய்வகமும் தடத்தின் பாதையில் குறுக்கிட்டது. 1968-இல் பிரதமர் சூ என்லாயின் ஒப்புதலுடன் தடம் விலக்கப்பட்டது. ஆய்வகம் இன்றும் நிற்கிறது.

லியாங் 1972-இல் மறைந்தார். பின்னர் நகரமே தன் முடிவை மறுபரிசீலனை செய்தது. வீடுகளில் பயன்பட்டுவந்த சுவர்க் கற்களைத் திருப்பித் தருமாறு 1990-களில் மக்களிடம் வேண்டப்பட்டது. அக்கற்களையும் கொண்டு சீரமைக்கப்பட்ட ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்ச் சுவரைச் சூழ்ந்து 2002-இல் பூங்கா திறக்கப்பட்டது. யோங்டிங்மென் புதிதாகக் கட்டப்பட்டது. 2024 ஜூலையில் புதுதில்லியில் கூடிய உலக மரபுக் குழு, 7.8 கிலோமீட்டர் நீளமுள்ள பெய்ஜிங் நடு அச்சை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதன் தென்முனையாக ஏற்கப்பட்டது, இந்நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த யோங்டிங்மென் வாயில்தான்.

எனவே பெய்ஜிங்கில் காண வேண்டியவற்றுள் வானாய்வகத்தையும் தென்கிழக்குச் சுவர்த்துண்டையும் சேர்ப்பது தகும். சுரங்க ரயில் விலகிச் சென்ற இடத்தையும், விலகாத இடத்தில் எஞ்சியதையும் ஒரே பிற்பகலில் நடந்தே பார்த்துவிடலாம்.